கலையில் பங்கும் கலையின் பயனும்

கலைகளில் ஜனங்கள் பங்கு பெறுவதால் சமூகத்திற்கு என்ன நன்மை உண்டாகிறது என்பதைப் பற்றி மேல் நாடுகளில் சென்ற முப்பது வருஷ காலமாகப் பலத்த ஆராய்ச்சி நடந்து வருகிறது. அந்த ஆராய்ச்சியின் முடிவுகளை நம் நாட்டுக் கலாசாரக் காவலர்களும், சபாக்காரர்களும், திருவிழாக் கமிட்டியாரும் இப்பொழுது கையில் தூக்கிக்கொண்டு, "பார்த்தீர்களா! கலை ஒற்றுமையை வளர்க்கிறது; நோயைத் தணிக்கிறது; ஆயுளை நீட்டுகிறது; ஆகையால் பழைய கலைகளையெல்லாம் பழைய மாதிரியே காப்பாற்ற வேண்டும்" என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். முன்பெல்லாம் இவர்கள் சாஸ்திரத்தைக் காட்டினார்கள். சாஸ்திரத்தின் யோக்கியதை வெளியாகிவிட்ட பிறகு புள்ளி விவரத்தைக் காட்டுகிறார்கள்.

புள்ளி விவரத்தைக் கண்டு நாம் பயப்படுகிறவர்கள் அல்ல. எந்தக் காரியத்திற்கும் ஆதாரம் எங்கே என்று கேட்கிற நாம், ஆராய்ச்சியை வரவேற்க வேண்டியவர்களே ஆவோம். ஆனால் கணக்கு எடுக்கிறவன் எதைக் கணக்கில் சேர்த்தான், எதை விட்டுவிட்டான் என்று கேட்பதும் பகுத்தறிவின் வேலையே அல்லவா? அந்தக் கேள்வியை மங்கலம்பேட்டையையும், அதற்கு இருபுறத்திலும் உள்ள விருத்தாசலம், உளுந்தூர்பேட்டைப் பக்கங்களையும் முன்வைத்துக் கேட்க விரும்புகிறோம்.

ஆராய்ச்சி சொல்லுவது என்ன?

முதலில் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுவதை ஒளிக்காமல் எடுத்துச் சொல்லிவிடுவோம். 1997இல் இங்கிலாந்தில் பிரான்சுவா மத்தராசோ என்பவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாட்டு, நாடகம், நடனம், சித்திரம் முதலியவைகளில் சாதாரண ஜனங்கள் தாங்களே பங்கு பெறும்போது தன்னம்பிக்கை, சிநேகம், ஊர்ப்பற்று, உடல் நலம் என்பன போன்ற 50 வித சமூக நன்மைகள் உண்டாகின்றன என்று அவர் பட்டியல் போட்டார். 2019இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐரோப்பியக் கிளையானது 3,000க்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளைத் தொகுத்து, நோயைத் தடுப்பதிலும் நோயாளியைத் தேற்றுவதிலும் கலைக்கு இடமுண்டு என்று சொல்லிற்று. அதே வருஷம் டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் வைத்தியப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. இங்கிலாந்தில் 50 வயதுக்கு மேற்பட்ட 6,710 பேரை ஏறக்குறைய 14 வருஷம் கவனித்துப் பார்த்ததில், மியூசியம், நாடகம், கச்சேரி முதலியவைகளுக்கு வருஷத்தில் ஓரிரு தடவை போகிறவர்களுக்கு, ஒருபொழுதும் போகாதவர்களைக் காட்டிலும் மரண அபாயம் 14 சதவிகிதம் குறைவாகவும், சில மாதங்களுக்கு ஒரு தடவையாவது போகிறவர்களுக்கு 31 சதவிகிதம் குறைவாகவும் இருந்தது என்பது அதன் சாரம்.

நல்லது, இவை பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கட்டுரைக்காரர்களே, பணம், படிப்பு முதலிய வித்தியாசங்களைக் கழித்துப் பார்த்த பிறகும், இது கவனித்துச் சேர்த்த கணக்கே தவிர, இதனால்தான் அது விளைந்தது என்று மெய்ப்பித்ததாகாது என்று எழுதியிருக்கிறார்கள். அதுதான் விஞ்ஞானியின் நாணயம். நம் மேடைப் பிரசங்கியார் அந்த ஒரு வரியை மட்டும் விழுங்கிவிட்டு, "கச்சேரிக்குப் போனால் ஆயுசு கெட்டி" என்கிறார். "மாமாங்கத்தில் முழுகினால் பாவம் போகும்" என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? காலையில் களை பறிக்கவும் மாலையில் மாட்டுக்குப் புல் அறுக்கவும் போகிறவளுக்குக் கச்சேரி கேட்க ஓய்வு ஏது? அவள் சீக்கிரம் சாவது கச்சேரிக்குப் போகாததாலா, அல்லது கச்சேரிக்குப் போகவும் முடியாத வாழ்வு அவளுக்கு வாய்த்திருப்பதாலா?

மத்தராசோவின் அறிக்கைக்கும் மறுப்பு இல்லாமல் இல்லை. 2002இல் பாவ்லா மெர்லி என்ற அம்மையார் அதைப் பிரித்துப் பிரித்துப் பரிசோதித்து, கணக்கெடுத்த முறையே சரியில்லை என்று காட்டினார். அதோடு நில்லாமல், ஏழைகளுக்குப் பாட்டும் கூத்தும் கொடுத்து அவர்களுடைய இல்லாமையை அவர்களே பொறுத்துக்கொள்ளும்படி செய்வது, அந்த இல்லாமையை நீடிக்கச் செய்யும் வழியே அல்லவா என்றும் கேட்டார். இந்தக் கேள்வியை ஒரு மேல் நாட்டு அம்மையார் கேட்கும்போது நமக்கு ஆச்சரியமாயிருக்கவில்லை. ஏனெனில், தேர் இழுத்தால் புண்ணியம் என்று சொல்லி, கூலியில்லாமல் ஆயிரம் பேரைக் கொண்டு தேர் இழுக்க வைத்த தேசம் நம்முடையது.

ஒற்றுமை யாரோடு?

"கலை ஒற்றுமையை வளர்க்கிறது" என்கிறார்களே, அதைப் பார்ப்போம். அமெரிக்கப் பண்டிதர் ராபர்ட் புட்னாம் 1993இல் இத்தாலி தேசத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில், பாட்டுச் சங்கங்களும் பந்தாட்டச் சங்கங்களும் நிறைந்த பிரதேசங்களில் ஜனநாயகம் நன்றாக நடக்கிறது என்று காட்டினார். அது உலகமெல்லாம் பரவிற்று. ஆனால் பின்னால் மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஜெர்மனியில் 229 நகரங்களின் பழைய கணக்குகளைத் தேடி எடுத்து, 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாட்டுச் சங்கம் முதலிய சங்கங்கள் எந்த ஊரில் அதிகமோ அந்த ஊரில்தான் ஹிட்லரின் நாஜிக் கட்சியில் ஜனங்கள் வேகமாகச் சேர்ந்தார்கள் என்பது அவர்கள் கண்ட உண்மை! ஒன்றாகப் பாடியவர்கள் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். அந்த ஒற்றுமை யாருக்கு விரோதமானது என்பதுதான் விஷயம்.

ஜெர்மனிக்கு ஏன் போக வேண்டும்? பழைய தென்னாற்காடு ஜில்லா முழுவதும் திரௌபதி அம்மன் விழாவும், பாரதக் கூத்தும், தீமிதியும் பெரிய கலைச் செல்வம் என்று மேல் நாட்டிலிருந்தும் பண்டிதர்கள் வந்து புத்தகம் எழுதிப் போயிருக்கிறார்கள். பத்து நாள், பதினெட்டு நாள் என்று ஊரே விழித்திருந்து கூத்துப் பார்க்கும். சமூக ஒற்றுமைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் 2023 ஏப்ரலில் விழுப்புரம் ஜில்லா மேல்பாதி கிராமத்தில் நடந்தது என்ன? தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் விழாவின்போது உள்ளே போன ஆதிதிராவிட இளைஞர்கள் அடிக்கப்பட்டார்கள். சமாதானப் பேச்சு நடந்தும் பயனில்லாமல், 2023 ஜூன் 7ஆம் தேதி சர்க்கார் அதிகாரிகள் கோயிலையே பூட்டி முத்திரை வைக்க நேர்ந்தது. ஐகோர்ட் வரையில் போய்த்தான் பிறகு கதவு திறந்தது. துரோபதையின் மானத்திற்காக ராத்திரி முழுவதும் கண்ணீர் விடுகிற ஜனங்கள், விடிந்ததும் பக்கத்துத் தெருக்காரனுடைய மானத்தை வாங்குகிறார்கள் என்றால், அந்தக் கூத்து அவர்களுக்குக் கற்பித்தது என்ன?

கோயில் நமக்குத் தேவையா என்பது வேறு சங்கதி. தேவையில்லை என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் ஒருவன் போகாமலிருப்பது அவன் அறிவினாலாக இருக்க வேண்டுமே ஒழிய, இன்னொருவன் தடியினாலாக இருக்கக்கூடாது. இந்த விழாவைக் கணக்கெடுக்க ஓர் ஆராய்ச்சிக்காரர் போயிருந்தால் என்ன எழுதியிருப்பார்? "பங்கு பெற்றவர்கள் இத்தனை ஆயிரம்; திருப்தி அடைந்தவர்கள் நூற்றுக்கு இத்தனை" என்று எழுதியிருப்பார். வெளியே நிறுத்தப்பட்டவன் அவருடைய தாளில் வரவே மாட்டான். ஏனென்றால் அவன் பங்கு பெறவில்லை!

உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் கூவாகத்தில் சித்திரை மாதம் நடக்கும் கூத்தாண்டவர் விழாவையும் எடுத்துக்கொள்ளலாம். இந்தியா முழுவதிலுமிருந்து திருநங்கையர் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். ஒரு நாள் தாலி, மறுநாள் அறுப்பு. படம் பிடிக்கிறவர்களும் வேடிக்கை பார்க்கிறவர்களும் கூடுகிறார்கள். தங்களைப் போன்றவர்களைக் கண்டு பேசிக்கொள்ள வருஷத்தில் அவர்களுக்கு ஓர் இடம் கிடைக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மற்ற நாட்களில் அவர்களுக்கு வீடு வாடகைக்கு உண்டா, வேலை உண்டா என்று கேட்டால், அவைகளில் ஏதாவது கிடைத்ததெல்லாம் அரவான் கொடுத்ததல்ல. 2008இல் தமிழ்நாட்டு சர்க்கார் அமைத்த நலவாரியமும், 2014இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பும், அவர்களே போராடிய போராட்டமும் கொடுத்தவை. அப்படியிருக்க, விழாவுக்கு வந்த தலைகளை எண்ணி இதுதான் சமூக மதிப்பு என்றால் அது எப்படிப் பொருந்தும்?

பங்கா? பாடா?

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். பங்கு என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன என்பது பண்டிதர்களைவிட நம் குடியானவர்களுக்கு நன்றாகத் தெரியும். களத்தில் நெல் அளக்கும்போது கைக்கு வந்து சேருகிறதே, அதுதான் பங்கு. உழுததும், நட்டதும், அறுத்ததும் பங்கு அல்ல, அது பாடு. பாடு ஒருவனுக்கும் பங்கு இன்னொருவனுக்கும் போய்ச் சேருவதுதான் நம் நாட்டு ஜாதி முறை. இதை வயலில் ஒப்புக்கொள்ளுகிறவர்கள் கலையில் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் சாவு விழுந்தால் சேரிக்குச் சொல்லி அனுப்புவது, சொன்னவுடன் பறையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவது, வாசலுக்கு வெளியே நின்று அடிப்பது, நடந்து சுடுகாடு வரையில் அடித்துக்கொண்டு போவது, கடைசியில் கொஞ்சம் நெல்லும் சாராயமும் வாங்கிக்கொண்டு திரும்புவது — இது தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. எல்லா ஊரிலும் இது ஒழிந்துவிட்டது என்று இன்றும் யாராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? வரமாட்டேன் என்று சொன்னவனுக்கு ஊரில் வேலை கொடுக்காமலும், தண்ணீர் விடாமலும், வழியை மறித்தும் தண்டித்ததுதான் நம் கிராமங்களின் சரித்திரம். இப்படி அடிக்கிறவனும் கலையில் பங்கு பெறுகிறவன்தானா? புத்தகக் கணக்குப்படி ஆம். தாளம் தெரிகிறது, கூட்டம் சேருகிறது, துக்கம் ஆறுகிறது, ஊர் ஒன்றுபடுகிறது. ஐம்பது நன்மையில் நாற்பது இங்கேயே கிடைத்துவிடும். ஆனால் அடிக்கிறவனுக்குக் கிடைத்தது என்ன? அவன் இன்ன ஜாதி என்பது ஊருக்கெல்லாம் சத்தம் போட்டு அறிவிக்கப்பட்டது, அவ்வளவுதான்.

இதைக் கண்டுகொண்டவர் நம் ஜில்லாக்காரர். காட்டுமன்னார்கோயிலில் 1924இல் பிறந்து, 1952இல் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பின்னால் தீண்டாமையைப் பற்றி 1969இல் இந்திய சர்க்காருக்கு ரிப்போர்ட் கொடுத்த கமிட்டிக்குத் தலைமை வகித்த எல். இளையபெருமாள் அவர்கள், பறையடிப்பதில்லை, செத்த மாடு தூக்குவதில்லை என்று இந்த ஜில்லாவில் ஆதிதிராவிட மக்களைத் திரட்டிப் போராடினார். அவர் கலைக்கு விரோதியா? பறையின் ஓசை அவர் காதுக்கு இனிக்கவில்லையா? அதல்ல சங்கதி. முடியாது என்று சொல்லும் பாத்தியதை இல்லாதவன் செய்வது கலை அல்ல. அது பேகார், அதாவது வெட்டி ஊழியம். இந்திய அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுத்திருப்பதும் அதைத்தான். 1948இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 27ஆவது பிரிவும், சமூகத்தின் கலாசார வாழ்வில் எல்லோருக்கும் பங்கு உண்டு என்று மட்டும் சொல்லி நிற்கவில்லை. சுதந்திரமாகப் பங்கு பெறும் உரிமை உண்டு என்கிறது. பண்டிதர்கள் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு சுதந்திரத்தை விட்டுவிட்டார்கள்.

இதற்கு ஓர் ஆட்சேபணை சொல்லுவார்கள். "பறை தமிழனுடைய ஆதி இசை ஆயிற்றே, அதை விட்டுவிடலாமா?" என்பார்கள். விடச் சொல்லி யார் கேட்டார்கள்? திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவில் பெண் மக்கள் மேடையேறிப் பறையடிக்கிறார்கள். பெண் தொடக்கூடாது என்று இருந்த வாத்தியத்தை, இழிவு என்று இருந்த வாத்தியத்தை, தங்கள் விடுதலைக்கு முரசாக எடுத்துக்கொண்டார்கள். மதுரைப் பக்கத்து அலங்காநல்லூர் வேலு ஆசான் அவர்களுக்கு 2025இல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. அதே தோல், அதே குச்சி, அதே அடிதான். ஆனால் ஒன்று பங்கு, மற்றொன்று பாடு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுகிறவன் கணக்கனே அல்ல.

ஒரே ஒரு பரீட்சை சொல்லுகிறோம். பறை தமிழர் எல்லோருடைய பொதுக் கலை என்று மெய்யாகவே நம்புகிறவர்கள், சேரியில் ஒரு சாவு விழுந்தால் ஊர்த் தெருவிலிருந்து தங்கள் பிள்ளைகளைப் பறையோடு அனுப்பட்டும். அனுப்புவார்களா? அனுப்பாதவரையில் பாரம்பரியக் கலை என்று பேசுவதெல்லாம், அவன் அடிக்க வேண்டும், நாம் ரசிக்க வேண்டும் என்பதற்கு வைத்த அழகான பெயரே ஆகும்.

நாதஸ்வரக்காரர்கள் பட்ட பாட்டையும் நம் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கல்யாண ஊர்வலத்தில் மைல் கணக்கில் நடந்துகொண்டே ஊதுகிறவன் தோளில் துண்டு போடக் கூடாது, வேர்வையைத் துடைத்த துண்டையும் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது சம்பிரதாயம். செட்டிநாட்டு ஊர்வலம் ஒன்றில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டோடு வாசித்ததைக் கண்டு, எடுத்துவிடச் சொல்லிக் கூச்சலிட்டபோது, எடுக்காதே என்று எதிர்த்து நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி. அந்தக் கூட்டமும் கலை ரசிகர் கூட்டம்தான். ராகத்தில் ஒரு ஸ்வரம் பிசகினால் முகத்தைச் சுளிக்கத் தெரிந்தவர்கள், ஒரு மனிதனுடைய தோளில் துண்டு கிடப்பதைச் சகிக்கவில்லை. ரசிப்பு மனிதத் தன்மையைத் தானாகவே கொண்டு வந்துவிடும் என்பதற்கு இதைவிட என்ன மறுப்பு வேண்டும்?

பொம்மையும் பொம்மை செய்தவனும்

கணக்கில் விட்டுப்போகிறவர்களில் இன்னொரு வகையாரும் உண்டு. மங்கலம்பேட்டைக்குத் தெற்கே விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் நடக்கிறது. களிமண்ணைக் கரைத்து, அச்சில் ஊற்றி, உலர்த்தி, பிசிறு சீவி, சூளையில் சுட்டு, வர்ணம் தீட்டி, பொம்மையும் அகல் விளக்கும் செய்கிறார்கள். இந்த வேலையில் பெண்களின் கையும் சேருகிறது. அந்தப் பொம்மை பட்டணத்துக்குப் போய் நவராத்திரியில் ஒரு வீட்டின் கொலுப்படி ஏறுகிறது. கொலுவுக்கு வந்து சுண்டல் தின்று பாட்டுப் பாடினவர் கலாசாரத்தில் பங்கு பெற்றவர். கண்காட்சியில் அதை விலைக்கு வாங்கினவரும் பங்கு பெற்றவர். அந்தப் பொம்மைக்குக் கண்ணும் மூக்கும் வைத்தவளோ? அவள் கூலிக்காரி! மண் தூசி வருஷக் கணக்கில் நெஞ்சுக்குள் போனால் நுரையீரல் கெடும் என்பது வைத்தியர்களுக்கு வெகு நாளாகத் தெரிந்த விஷயம். பொம்மையைப் பார்ப்பவனுடைய ஆயுள் எத்தனை சதவிகிதம் கூடிற்று என்று கணக்கெடுக்கிறவர்கள், செய்தவளுடைய ஆயுள் எவ்வளவு குறைந்தது என்பதையும் அதே ஏட்டில் எழுத வேண்டாமா?

மிருதங்கத்தின் கதையும் இதுவே. மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் இல்லாமல் மிருதங்கம் இல்லை. தோலைப் பதப்படுத்தி, மூட்டி, சுருதி சேர்த்துக் கொடுக்கிறவர்கள் இல்லாமல் கர்நாடக சங்கீதக் கச்சேரி இல்லை. அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த கிறிஸ்தவர்கள். பசுவைத் தெய்வம் என்கிறவர் அதன் தோலை மடியில் வைத்துக்கொண்டு தெய்வத்தைப் பாடுகிறார். தட்டுகிறவருக்குப் பட்டம், பொன்னாடை. மூட்டிக் கொடுத்தவருக்குப் பெயரும் இல்லை. இவர்களுடைய சரித்திரத்தை டி. எம். கிருஷ்ணா "செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்" என்ற புத்தகமாக எழுதி 2020இல் வெளியிடப் போனபோது, மத்திய சர்க்கார் ஸ்தாபனமான கலாக்ஷேத்திரம் தன்னுடைய மண்டபத்தைக் கொடுக்கச் சம்மதித்து, பிறகு மறுத்துவிட்டது. வேறு இடத்தில் வைத்து வெளியிட்டார்கள். அதே கிருஷ்ணாவுக்கு 2024 மார்ச்சில் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டம் அறிவித்தபோது என்ன நடந்தது? பெரியாரைப் புகழ்ந்தார் என்பதையும் ஒரு குற்றமாகச் சொல்லி, சில வித்வான்கள் தாங்கள் அந்த வருஷக் கச்சேரிக்கே வரமாட்டோம் என்று விலகிக்கொண்டார்கள். கலை ஒற்றுமையை வளர்க்கும் அழகு இதுதான் போலும்!

பயனை முதலில் அறிந்தவர்கள்

இவ்வளவும் சொன்னதால் கலைக்குச் சமூகத்தில் பயனே இல்லை என்று நாம் சொல்லுவதாக யாரும் திரித்துக் கூற வேண்டியதில்லை. பயன் உண்டு என்பதை ஆராய்ச்சி இல்லாமலே இரண்டு கட்சியார் வெகு நாளாக அறிவார்கள். ஒரு கட்சி, ஆளுகிறவர்கள். வெள்ளைக்கார சர்க்கார் 1876இலேயே நாடகங்களை அடக்க ஒரு சட்டம் செய்தது. நாடகம் வெறும் பொழுதுபோக்கு என்றால் சட்டம் எதற்கு? வெள்ளைக்காரன் போன பிறகும் புத்தி போகவில்லை. எம். ஆர். ராதா ராமாயணத்தை நாடகமாக நடத்தி, அதன் யோக்கியதையை ஊர் ஊராக வெளிப்படுத்தியபோது, 1954இல் சென்னை சர்க்கார் தனியாக ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று ஐகோர்ட் தீர்ப்புச் சொன்னது 2013இல்தான். நாடகக்காரரும் எழுத்தாளருமான ஞாநி வழக்காடியதன் பலன் அது. ஆக, ஜனங்களைச் சிந்திக்க வைக்கும் கலைக்குப் பயன் உண்டு என்று ஆளுகிறவர்களே சட்டம் போட்டுச் சாட்சி சொல்லிவிட்டார்கள். ஜனங்களைத் தூங்க வைக்கும் கலைக்கு எந்த சர்க்காராவது தடைச் சட்டம் செய்தது உண்டா?

மற்றொரு கட்சி, நம் இயக்கம். பள்ளிக்கூடம் காணாதவனுக்கு நாடக மேடையே பள்ளிக்கூடமாயிற்று. ராதாவும் அண்ணாதுரையும் வேஷம் கட்டி ஆடினது பொன்னாடைக்காக அல்ல. அதற்கு முன்னும், 1941இல் நம் பக்கத்துச் சிதம்பரம் அண்ணாமலை சர்வகலாசாலையில் தமிழிசை மாநாடு கூடி, தமிழ்நாட்டில் தமிழில் பாட வேண்டும் என்று சொன்னபோது, அதைக்கூட எதிர்த்தவர்கள் இருந்தார்கள். பாஷை தெரியாமல் தலையாட்டுவதையே பெரிய ரசனை என்று அவர்கள் சாதித்தார்கள். அர்த்தம் விளங்காமல் உட்கார்ந்திருந்தவனையும் பங்கு பெற்றவன் கணக்கில்தானே சேர்த்திருப்பார்கள்? தமிழில் பாடினால் மட்டும் போதாது, எதைப் பாடுகிறாய் என்றும் கேட்க வேண்டும் என்று பெரியார் அப்பொழுதே சொன்னார். அந்தக் கேள்வி இன்றைக்கும் பாக்கி நிற்கிறது.

எதை அளக்க வேண்டும்?

ஆகவே, கலையின் சமூகப் பயனை அளக்க வேண்டாம் என்பதல்ல நம் கட்சி. அளக்கிறவர்கள் மரக்காலைச் சரிப்படுத்திக்கொண்டு வரட்டும் என்பதே. எந்த விழாவுக்கானாலும், எந்தக் கூத்துக்கானாலும், எந்தக் கச்சேரிக்கானாலும், எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பதற்கு முன்னால் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது, அதில் கலந்துகொள்ளுகிறவனுக்கு வரமாட்டேன் என்று சொல்லும் சுதந்திரம் உண்டா? சொன்னால் மறுநாள் அவனுக்கு ஊரில் வேலையும் வழியும் இருக்குமா?

இரண்டாவது, வர விரும்புகிறவனைத் தடுப்பவர் யார்? வாசலில் நிறுத்தப்பட்டவன் எத்தனை பேர்? அவன் பெயரையும் ஏட்டில் எழுது.

மூன்றாவது, கலைஞனுக்குப் பேசிய கூலி பேசியபடி கையில் எண்ணி வைக்கப்பட்டதா? அல்லது மிச்சச் சோறும் சாராயமும் கொடுத்துக் கணக்குத் தீர்க்கப்பட்டதா? வாத்தியம் செய்தவனுக்கும் பொம்மை செய்தவளுக்கும் அந்தக் கணக்கில் இடம் உண்டா?

நான்காவது, ஜாதி மாறி ஆள் மாறலாமா? அடிக்கிறவன் ரசிக்கவும், ரசிக்கிறவன் அடிக்கவும் இடமுண்டா? பெண் ஆடலாமா, ஊதலாமா, அடிக்கலாமா?

இந்த நான்குக்கும் ஒழுங்கான பதில் வந்தால் அந்தக் கலை ஒரு தெருக்கூத்தாயிருந்தாலும் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாட நாம் தயார். வராவிட்டால், அதற்கு உலக சுகாதார ஸ்தாபனமே வந்து முத்திரை குத்தினாலும், அது ஆதிக்கக்காரனுக்கு இன்பமும் அடிமைக்கு அலுப்பும் கொடுக்கும் பழைய ஏற்பாடே தவிர வேறல்ல.

சர்க்காரும் இதை யோசிக்க வேண்டும். 2007இல் தொடங்கி, நடுவில் நின்று, 2023இல் மறுபடியும் சென்னையில் சங்கமம் விழா நடத்தினார்கள். கிராமத்துக் கலைஞர்கள் பட்டணத்து மேடையில் ஏறினார்கள், பட்டணத்தார் கைதட்டினார்கள். சந்தோஷமே. ஆனால் பட்டணத்தில் மாலை போட்டவனை அவனுடைய சொந்த ஊர் எங்கே நிற்க வைக்கிறது என்பதையும் விசாரிக்க ஓர் அதிகாரி வேண்டாமா? கைதட்டல் ரயிலேறி ஊருக்கு வருவதில்லை.

மங்கலம்பேட்டைப் பக்கத்து இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தோழர்களே! உங்களுக்குப் பாடத் தெரிந்தால் பாடுங்கள், அடிக்கத் தெரிந்தால் அடியுங்கள், நாடகம் போடுங்கள். உங்கள் கலையைப் பற்றி நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் அதை உங்கள் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டவர்கள்தான். ஆனால் யாராவது வந்து, "இது உன் பாரம்பரியம், இதனால் சமூகத்திற்கு மிகுந்த பயன் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள், ஆகையால் சாவுக்கு வந்து அடி" என்று கூப்பிட்டால், அவ்வளவு பயனுள்ள காரியத்தை ஏன் நீங்கள் இதுவரையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கவில்லை என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதில்தான், கலையின் சமூக மதிப்பைப் பற்றி நம் நாட்டில் நடக்க வேண்டிய முதல் ஆராய்ச்சி.